வயசானா அப்படித்தான்... மறதி நோயின் சின்ன வரலாறு

"பெரியவருக்கு வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது. வயசானா அப்படித்தான்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். ஒரு நோயை ரொம்ப காலம் மறைத்து வைத்திருந்தது இந்தப் பேச்சுதான்!

1906-ல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், மறதியால் அவதிப்பட்டு இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையைச் சோதித்து, அதில் இருந்த மாற்றங்களை விவரித்தார். 1910-ல் அந்த நோய்க்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ஆனாலும் முதுமையில் வரும் மறதியை இயற்கை என்றே பல காலம் உலகம் நினைத்தது.

நம்ம ஊரில் எப்போது விழித்துக்கொண்டோம்? சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளிகள் பிரிவை 1978-ல் டாக்டர் வி.எஸ்.நடராஜன் தொடங்கினார். 1982-ல் மதுரை டாக்டர் ஏ.வெங்கோபராவ், மதுரைக்கு அருகே அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஆய்வு நடத்தினார். ஆயிரத்தில் 89 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அதில் அதிகம் இருந்தது மனச்சோர்வு. 1990-களில் சென்னைக்கு அருகே திருப்போரூரில் வீடு வீடாகப் போய் மறதி நோயைக் கணக்கெடுத்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது.

ஆனால் கணக்கெடுப்பதே பெரிய சிக்கல். மேல்நாட்டுச் சோதனைகளில் வாக்கியம் எழுதச் சொல்வார்கள், கழித்தல் போடச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டி என்ன செய்வார்? மறதி இல்லாமலே தோற்றுப்போவார்.

இதற்காகவே 1998-ல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக்குழு உருவானது. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதே பெயரின் அர்த்தம். படிப்பறிவு இல்லாதவர்களுக்கும் பொருந்தும் சோதனையை இந்தக் குழு உருவாக்கியது. சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் கணக்கெடுப்பு நடந்தது.

2008-ல் வந்த முடிவுதான் ஆச்சரியம். அமெரிக்க அளவுகோலின்படி இந்தியக் கிராமப் பகுதியில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் நோய். புதிய சோதனையிலோ அதே மக்களிடம் பல மடங்கு அதிகம்! காரணம்? நோயாளியின் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று வீட்டாரைக் கேட்டுத்தான் பழைய அளவுகோல் முடிவு செய்யும். தாத்தாவுக்கு வேலை எதுவும் வைக்காத வீட்டில், அவரால் முடியாமல் போனது யார் கண்ணில் படும்? 'வயசானா அப்படித்தான்' என்று பதில் வந்தால் நோய் கணக்கிலேயே வராது.

2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் மறதி நோய் உள்ளவர்கள் சுமார் 88 லட்சம் பேர்.

இது மேற்குப் புறநகருக்கு ரொம்பவே பொருந்தும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-லும், அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-லும் வந்தவை. அன்று இருபது வயதில் லேத் பிடித்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்.

மறதி எல்லாமே தீராத நோயும் இல்லை. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு இவையும் மறதி போலவே தெரியும். இவற்றுக்கு மருந்து உண்டு. கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய மையமும் திறக்கப்பட்டுவிட்டது. அங்கே கூட்டிப்போக, வீட்டில் ஒருவர் முதலில் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான்.