மட்டாஞ்சேரியில் ஓர் அமானிதம்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் யூதத் தெரு என்றொரு தெரு உண்டு. அதன் கோடியில், 1568-இல் எழுப்பப்பட்ட ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் நிறைந்திருந்த தெரு அது. மூத்தோர் தளர்ந்தால் தாங்குவதற்கு மக்களும் மருமக்களும் அண்டை வீட்டாரும் இருந்தனர்.

1948-இல் இஸ்ரேல் தோன்றியபின் நிலை மாறிற்று. குடும்பம் குடும்பமாகப் பலரும் கப்பலேறினர். எஞ்சிய சிலரும் முதுமையால் ஒவ்வொருவராகக் குறைந்தனர். ஒரு சமுதாயம் சுருங்கும்போது, தள்ளாதோரைத் தாங்கும் தோள்களே முதலில் அற்றுப்போகின்றன.

பொருளுதவிக்கு வழியில்லாமற் போகவில்லை. 1914-இல் நியூயார்க்கில் தோன்றிய 'ஜாயிண்ட்' என்னும் யூத அறநிறுவனம் பல நாடுகளில் முதியோர்க்கும் வறியோர்க்கும் உதவி வருகிறது. மும்பையிலும் அதன் பணி உண்டு. ஆயினும் நள்ளிரவில் நோயுற்றவரின் அருகே வந்து அமர்வதற்குப் பணத்தால் இயலாது, மனிதர்தாம் வரவேண்டும்.

மட்டாஞ்சேரியில் அப்படி வந்தவர் ஒரு முஸ்லிம். ஜேக்கப் கோஹன், சாரா கோஹன் தம்பதியருக்கு மக்கட்பேறு இல்லை. 1980-களில் அத்தெருவில் பயணிகளிடம் அஞ்சலட்டை விற்றுத் திரிந்த சிறுவன் தாஹா இப்ராஹீம், அவ்வீட்டில் ஒருவனாகவே பழகினான். 1999-இல் ஜேக்கப் மறைந்தார். தமக்குப்பின் மனைவியைப் பேணும் பொறுப்பை அவர் ஒப்படைத்தது தாஹாவிடமே.

சாரா அம்மையார், யூதர் தலையில் அணியும் சிறு தொப்பிகளையும், சப்பாத் நாளில் ரொட்டியை மூடும் துணிகளையும் பூவேலை செய்து விற்றுவந்தார். அவர் கை தளர்ந்தபோது கடையைத் தாஹா நடத்தினார். அம்மையாரையும் உடனிருந்து பேணினார். அவர் தம் மார்க்கத்தில் நின்றார். அம்மையார் தம் சமயத்தில் நின்றார். 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96-ஆம் வயதில் சாரா காலமாகும் வரை அந்த அமானிதம் காக்கப்பட்டது.

இது தனியொரு நிகழ்ச்சியுமன்று. யூதர் அருகிப்போன கல்கத்தாவிலும் அவர்தம் ஜெப ஆலயங்களைப் பராமரித்து வருவோர் முஸ்லிம்களே.

நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகள் எத்தனை! மாதந்தோறும் பணம் வரும். பெரியவர்களோ திண்ணையில் வாசலை நோக்கி அமர்ந்திருப்பர். மட்டாஞ்சேரியின் கதை அவர்களுடைய கதையுமாகும். அவர்களுக்கு அருகில் இருக்கும் தாஹா யார் என்பதை நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோம்.