லினக்ஸில் ரீசெட் கன்ட்ரோலர்

பழைய மேசைக் கணினியின் முகப்பில் ரீசெட் பொத்தான் ஒன்றுதான் இருந்தது. அழுத்தினால் மொத்தமும் முதலிலிருந்து தொடங்கும். ஒரே சிப்பில் முழுக் கணினியும் அடங்கும் எஸ்ஓசியில் அப்படி இல்லை. யூஎஸ்பி, வீடியோ, திரை, ஈதர்நெட் என ஒவ்வொரு பகுதிக்கும் பெரும்பாலும் தனி ரீசெட் லைன் ஓடுகிறது. ஏதோ ஒரு ரெஜிஸ்டரில் உள்ள ஒற்றை பிட்தான் அதற்குப் பொத்தான். அந்த பிட் ஒரு பகுதியை ரீசெட்டில் பிடித்து வைத்திருக்கும் வரை அது வேலை செய்யாது. சில சிப்களில் அதன் ரெஜிஸ்டரை வாசிக்கப் போனாலே கணினி உறைந்துவிடும். இந்த பிட்களுக்குப் பொதுவான பிடி ஒன்றை டிரைவர்களுக்குத் தருவதுதான் லினக்ஸ் கெர்னலின் ரீசெட் கன்ட்ரோலர் அமைப்பு.

அது வருவதற்கு முன் ஒவ்வொரு சிப் குடும்பமும் தன் போக்கில் போனது. என்விடியாவின் டெக்ரா சிப்களில் கிளாக்கும் ரீசெட்டும் ஒரே வன்பொருள் பகுதியின் பொறுப்பு. அதனால் ஒரு பகுதியை ரீசெட் செய்ய விரும்பும் டிரைவர், டெக்ராவுக்கென்றே இருந்த ஃபங்ஷனை அழைத்து அந்தப் பகுதியின் கிளாக்கைக் கொடுக்க வேண்டியிருந்தது. மின்விசிறியை நிறுத்த விளக்கின் சுவிட்சைக் காட்டுவது போலத்தான். இப்படி எழுதிய டிரைவர் வேறு சிப்பில் ஓடாது. கெர்னலில் ஏஆர்எம் சிப்களுக்கான பகுதியில் இவ்வாறு சிப்புக்குச் சிப் குவிந்த நிரல் மீது 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கோபத்தைக் கொட்டினார். அதன் பிறகு, எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்பதை கெர்னல் நிரலிலிருந்து எடுத்து டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பில் எழுதும் வழக்கம் வேகம் பிடித்தது. ரீசெட் லைன்களும் அதில் இடம் கேட்டன.

அவற்றை அங்கே விவரிக்கும் முறையை என்விடியாவின் ஸ்டீபன் வாரன் எழுதினார். கெர்னலுக்கான நிரலை எழுதியவர் ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரிலுள்ள பெங்குட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் ஃபிலிப் சாபெல். 2013 ஜூன் 30 அன்று வெளியான லினக்ஸ் 3.10இல் அது சேர்ந்தது. ரீசெட்டைத் தரும் பகுதி, ஒரு லைனைச் சுட்ட எத்தனை எண்கள் வேண்டும் என்பதை ‘#ரீசெட்-செல்ஸ்’ என்ற வரியில் சொல்லும். பெறும் பகுதி, தன் லைன் எது என்பதை ‘ரீசெட்ஸ்’ என்ற வரியில் சொல்லும். பல லைன்கள் இருந்தால் பெயரிட ‘ரீசெட்-நேம்ஸ்’ உண்டு.

முதல் பயனாளி ஃப்ரீஸ்கேலின் ஐ.எம்எக்ஸ்6. அதன் டிவைஸ் ட்ரீயில் இரண்டு படச் செயலிகளும் 2, 4 என்ற லைன்களைக் கேட்கும். ரெஜிஸ்டரில் அவற்றின் பிட்களோ 3, 12. இடையில் மொழிபெயர்ப்பது டிரைவருக்குள் இருக்கும் ஐந்தே இடங்கள் கொண்ட சிறு பட்டியல். பிட்டில் 1 எழுதினால் ரீசெட் நடந்து முடிந்ததும் வன்பொருளே அதை 0 ஆக்கிவிடும். டிரைவர் அதிகபட்சம் ஒரு விநாடி காத்திருக்கும். வேறு பல சிப்களில் இந்த வசதி இல்லை. பிடித்து வைப்பதும் விடுவிப்பதும் மென்பொருளின் வேலை. ஆகவே பிடி, விடு, ஒரு தட்டு தட்டு என்று மூன்று செயல்கள் தொடக்கத்திலேயே இருந்தன.

பிட்டை மாற்றுவது எளிது. லைன் யாருடையது என்பதுதான் தீராத வழக்கு. வாரனின் விவர ஆவணம் இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தது. ஒரே லைன் பல பகுதிகளைத் தொட்டால் எல்லாவற்றிலும் அதை எழுதாதீர்கள், கட்டுப்படுத்தப் பொருத்தமான ஓரிடத்தில் மட்டும் எழுதுங்கள் என்றது. நல்ல அறிவுரைதான். ஆனால் சிப் வடிவமைப்பவர்கள் ஆவணம் படித்துவிட்டா வேலை செய்கிறார்கள்?

ஆரஞ்சு பை பலகைகளில் வரும் ஆல்வின்னர் எச்3 சிப்பில் ஒவ்வொரு யூஎஸ்பி துளைக்கும் பின்னால் வேகமான கன்ட்ரோலர் ஒன்று, பழைய சாதனங்களுக்கான கன்ட்ரோலர் ஒன்று. ஒன்றின் ரீசெட் விடுபடாதவரை மற்றது எழவே எழாது. எனவே இரண்டு டிரைவர்களுக்கும் இரண்டு லைன்களும் தேவைப்பட்டன. 2016இல் ஹான்ஸ் டி கோடே பகிர்ந்துகொள்ளும் ரீசெட்டைச் சேர்த்தார். முதல் ஆள் விடுவிக்கும்போது லைன் விடுபடும். கடைசி ஆள் கைவிடும்போதுதான் மீண்டும் ரீசெட்டுக்குப் போகும். இதற்கு விலையும் உண்டு: பகிரும் டிரைவர் ‘பிடி’ என்றதும் வன்பொருள் உண்மையிலேயே ரீசெட்டில் இருக்கிறது என்று நம்ப முடியாது. 2019இல் தியரி ரெடிங் இன்னொரு வகையைக் கொண்டுவந்தார். அதில் லைனைத் தற்காலிகமாக எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தரலாம்.

எல்லா லைனும் பிட்டாகவே இருக்க வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை 4இன் பிந்தைய பலகைகளில், பிசிஐஇ ரீசெட் ஆனதும் யூஎஸ்பி சிப் தன் ஃபர்ம்வேரை இழந்துவிடும். 2020இல் வந்த ரீசெட் டிரைவர், அதை மறுபடி ஏற்றும்படி துணைச் செயலியான வீடியோகோரிடம் கேட்கிறது.

தனிச் சிப்களின் ரீசெட் பின்னை ஜிபிஐஓவாக, அதாவது பொதுப் பயன்பாட்டுப் பின்னாக, எழுதுவதே பொருத்தம் என்றிருந்தது வாரனின் அந்த முதல் ஆவணம். டிரைவர்களும் அப்படியே செய்தன. பிறகு குவால்காமின் எக்ஸ்1இ80100 சிப் கொண்ட மாதிரிப் பலகை வந்தது. அதில் நான்கு ஒலிபெருக்கிச் சிப்கள்; இரண்டிரண்டாக ஒரே நிறுத்தும் பின்னில் இணைந்திருந்தன. ஒரு ஜிபிஐஓவை இரண்டு டிரைவர்கள் எடுக்க முயன்றால் இரண்டாவதற்குக் கிடைக்காது. 2024 மே மாதம் வந்த லினக்ஸ் 6.9இல் கிரிஸ்டோஃப் கோஸ்லோவ்ஸ்கி எழுதிய டிரைவர் அந்த ஜிபிஐஓவையே ரீசெட் கன்ட்ரோலராக்கியது. எச்3இன் யூஎஸ்பிக்குப் போட்ட அதே கணக்கில், ஜோடியில் ஒன்று உறங்கப் போனாலும் மற்றொன்று தொடர்ந்து ஒலிக்கிறது.