வாழ்க்கைக்கதை எடுத்துரைப்புச் சிகிச்சை

வாழ்க்கைக்கதை எடுத்துரைப்புச் சிகிச்சை என்பது போர், வன்முறை, இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் உள்ளம் பாதிக்கப்பட்ட ஒருவர், பிறந்தது முதல் இன்று வரையிலான தம் வாழ்க்கையைச் சிகிச்சையாளரின் துணையுடன் வரிசையாகச் சொல்லி, அதனை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளும் உளச்சிகிச்சை முறை ஆகும். இதனை செருமனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மாகி சவுவர், பிராங்க் நொய்னர், தாமசு எல்பர்ட் ஆகியோர் உருவாக்கினர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ச் சிறுவர்களுக்கு இம்முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டு, அதன் விளைவு ஆராயப்பட்டது.

ஆத்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்சுட்டனும் 1980களில் வளர்த்த கதைவழிச் சிகிச்சை இதனின்றும் வேறானது. அது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் கதையை மாற்றி அமைக்க முயல்வது. இங்கோ கதை மாற்றப்படுவதில்லை. நடந்தது நடந்தபடியே முழுமையாகச் சொல்லப்படுகிறது.

அடிப்படைக் கருத்து

சாதாரண நினைவு ஒன்று எப்பொழுது, எங்கே, எதன் பின் நடந்தது என்ற விவரங்களுடன் மனத்தில் இருக்கும். பேரச்சத்தின்போது பதிந்த நினைவு அவ்வாறில்லை. ஓசை, மணம், நெஞ்சுத் துடிப்பு, உதவியற்ற நிலை ஆகியன காலமும் இடமும் இன்றித் துண்டுகளாகத் தங்கிவிடுகின்றன. ஆகவே கடலின் இரைச்சலைக் கேட்கும் சிறுவனுக்கு அலை முன்பொரு நாள் வந்தது என்று தோன்றாது. இப்பொழுதே வருகிறது என்று தோன்றும். ஈழத்து மருத்துவ எழுத்துகளில் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' எனப்படும் நிலையின் மையம் இதுவே. அதைப் பற்றிப் பேசாதிருப்பது தற்காலிக நிம்மதி தரும். ஆனால் துண்டுகள் துண்டுகளாகவே நீடிக்கும்.

செய்முறை

முதலில் ஒரு கயிறு தரையில் விரிக்கப்படும். அதன் தொடக்கம் பிறப்பு. வாழ்வின் நல்ல நிகழ்வுகளுக்குப் பூக்களும் துயர நிகழ்வுகளுக்குக் கற்களும் அதன்மீது வைக்கப்படும். கயிற்றின் மறுமுனை சுருட்டியபடியே விடப்படும். அது இனி வரவுள்ள வாழ்க்கை. அன்று ஒவ்வொன்றுக்கும் பெயர் மட்டுமே சூட்டப்படும், விவரம் கேட்கப்படாது.

அடுத்த அமர்வு முதல் கதை தொடங்கும். அமைதியான ஆண்டுகள் விரைவாகக் கடக்கப்படும். கல்லை அடைந்ததும் வேகம் குறையும். என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள், உடல் என்ன செய்தது, இதைச் சொல்லும் இந்நேரம் என்ன உணர்கிறீர்கள் என்று சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டே வருவார். இறுதிக் கேள்வி முதன்மையானது; அன்றையும் இன்றையும் பிரித்துக் காட்டுவது அதுவே. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது அமர்வை முடிக்கக் கூடாது. அது தணியும் வரை உடனிருக்க வேண்டும். ஆகையால் ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம் வரையோ அதற்கு மேலோ நீளலாம்.

சொன்னவற்றைச் சிகிச்சையாளர் எழுதி வந்து அடுத்த அமர்வில் படித்துக் காட்டுவார், சொன்னவர் திருத்துவார். முடிவில் ஏடு கையொப்பமிடப்பட்டு அவரிடமே ஒப்படைக்கப்படும். அவர் விரும்பினால் அது மனித உரிமை ஆவணமாகவும் பயன்படலாம். சிலியின் இராணுவ ஆட்சிக் காலத்தில் (1973–1990) சித்திரவதைக்கு உள்ளானோரிடம் உளவியலாளர்கள் கையாண்ட சாட்சியச் சிகிச்சையிலிருந்து வந்த வழக்கம் இது.

இலங்கை ஆய்வு

ஆழிப்பேரலை ஏற்பட்டுச் சில வாரங்களில், போரையும் அலையையும் ஒருங்கே கண்டிருந்த 31 சிறுவர்கள் தற்செயல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு ஆறு அமர்வுகளில் வாழ்க்கைக்கதை சொன்னது. மற்றது ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்களே இரண்டையும் நடத்தினர். ஆறு மாதங்களின் பின் கதை சொன்னோரில் 81 விழுக்காட்டினரும் தியானக் குழுவில் 71 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தனர். முடிவுகள் 2009இல் வெளியாயின.

இவ்வெண்களைக் கதையின் வெற்றியாகக் கொள்வது பிழை. இத்துணைச் சிறிய குழுக்களில் பத்து விழுக்காட்டு வேறுபாடு எதையும் நிறுவாது. மேலும் சிகிச்சையே பெறாத குழு எதுவும் ஒப்பிடப்படாததால், இயல்பாகவே தேறியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை இதிலிருந்து அறிய இயலாது. கதை சொல்லலுக்குத் தெளிவான சான்று வேறிடத்தில் உள்ளது. உகாண்டாவில் தங்கியிருந்த சூடான் ஏதிலிகளிடம் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓராண்டின் பின்னும் நோய் நீடித்தோர் இம்முறையில் 29 விழுக்காடு. வழமையான ஆறுதல் ஆலோசனை பெற்றோரில் 79 விழுக்காடு. 2017இல் அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறையை நிபந்தனையுடன் பரிந்துரைத்தது.

விமர்சனம்

துயரம் நேர்ந்தவுடன் ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லவைப்பது மனவடு நோயைத் தடுப்பதில்லை என்பது பல ஆய்வுகளின் முடிவு. எனவே 'மனம் விட்டுப் பேசினால் சரியாகிவிடும்' என்ற பொது நம்பிக்கையை இச்சிகிச்சையுடன் குழப்பிக்கொள்ளலாகாது.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வேறொரு கோணத்தை முன்வைத்தார். போரில் சிதைவது தனிமனித உள்ளம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்தே சிதைகின்றன என்பது கூட்டு மனவடு பற்றிய அவரது எழுத்துகளின் சாரம். அதற்குத் தனியறைச் சிகிச்சை மட்டும் போதாது.

கொங்கு நாட்டில்

1983 முதல் இலங்கையிலிருந்து வந்தோருக்கான முகாம்கள் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பூலுவப்பட்டி, ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர் முதலிய இடங்களில் உள்ளன. 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம்கள் என மாற்றியது. இங்கு பணிபுரியும் ஆலோசகர் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. ஈழத்தமிழில் 'கதைத்தல்' என்பது வெறுமனே பேசுதல். கோவைப் பேச்சிலோ 'கதை விடுதல்' பொய் சொல்லுதல். உயிர் பிழைத்த வரலாற்றைச் சொல்ல வந்தவரின் பேச்சைக் 'கதை' என்று குறிப்பிடுவதற்கு முன் இதை நினைவிற்கொள்வது நலம். முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தோரும் பலர் உள்ளனர். அவர்கள் கயிற்றை விரித்தால் அதன் முதல் முனை முகாமிலேயே தொடங்கும், பெற்றோர் கடந்து வந்த கடல் அதில் இராது.