முதுமக்கள் தாழி முதல் அம்மன் காசு வரை... புதுக்கோட்டை மியூசியத்தில் என்னவெல்லாம் பார்க்கலாம்?

மியூசியம் என்றாலே பலருக்கும் ஸ்கூல் டூர்தான் ஞாபகம் வரும். வரிசையில் நின்று, எதையும் தொடாமல், அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவோம். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தை அப்படி ஓடிக்கொண்டே பார்த்தால் நஷ்டம் நமக்குத்தான்.

1910-ல், தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தான காலத்தில் தொடங்கப்பட்டது இந்த மியூசியம். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு, அரசின் பொறுப்புக்கு வந்தது. தமிழ்நாட்டின் அரசு அருங்காட்சியகங்களில், சென்னை எழும்பூருக்கு அடுத்து பெரியது இதுதான்.

எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் முதுமக்கள் தாழிகள். இறந்தவர்களைப் புதைக்கப் பயன்பட்ட பெரிய மண்பானைகள் இவை. அடுத்து சமணச் சிற்பங்கள். மாவட்டத்தின் பல கிராமங்களில் கிடைத்த தீர்த்தங்கரர் சிலைகளைப் பார்த்தால், ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் சமணம் எவ்வளவு செழித்திருந்தது என்பது புரியும். வெண்கலச் சிலைகளையும் நிதானமாகப் பாருங்க.

நாணயப் பிரிவில் அம்மன் காசைத் தேடுங்க. சின்னஞ்சிறு செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்குதான் மதிப்பு. அதாவது ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரி நேரத்தில் மக்களுக்கு இதைத் தானமாகக் கொடுப்பது சமஸ்தான வழக்கம். அந்த பிரகதாம்பாள் கோயில் இதே திருக்கோகர்ணத்தில்தான் இருக்கு. காசைப் பார்த்துட்டு அப்படியே அம்மனையும் பார்த்துட்டு வரலாம்.

ஊரை விட்டுப் போன தங்கம்

1898-ல் ஆலங்குடி பக்கம் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருந்தார்கள். நாணயமாக இனி செல்லக் கூடாது, வெறும் தங்கமாகத்தான் மதிப்பு என்பதற்கான அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் காசுகளில் பல இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். உள்ளூரில் மியூசியம் வந்ததோ 12 வருஷம் கழித்து!

இன்றைக்கு வீடு கட்ட வானம் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ சிலை, காசு, தாழி ஏதாவது தட்டுப்பட்டால் உடைக்காதீங்க, விற்காதீங்க. புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். கிராம நிர்வாக அலுவலரிடமோ, தாசில்தாரிடமோ உடனே சொல்லிவிடுங்க. கிடைத்த இடம் தெரிந்தால்தான் அந்தப் பொருளுக்கு வரலாறு உண்டு. இல்லையென்றால் அது வெறும் பழைய சாமான்.

அப்படியே வெளியிலும் ஒரு சுற்று

மியூசியம் முடித்த கையோடு சித்தன்னவாசல் போங்க, சுமார் 16 கி.மீ. அறிவர் கோயில் கூரையில் தாமரைக் குளம் ஓவியம். 9-ம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே உண்டு. மலைமேல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன. நேரம் இருந்தால் இசைக் கல்வெட்டு இருக்கும் குடுமியான்மலையையும் சேர்த்துக்கலாம்.

கவனிக்க: வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. காலையில் மியூசியம், வெயில் தாழ்ந்த பிறகு மலை என்று பிளான் பண்ணினால் குழந்தைகள் சோர்ந்துபோக மாட்டாங்க. மியூசியத்தில் பார்த்த சமணர் சிலைகள் மனசில் இருக்கும்போதே கற்படுக்கைகளைப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க.