உரு: ஏஜஸ் பியாண்ட் மிஸ்ட்

உரு: ஏஜஸ் பியாண்ட் மிஸ்ட் என்பது சயன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் உருவாக்கி, யூபிசாஃப்ட் நிறுவனம் 2003 நவம்பரில் வெளியிட்ட புதிர்-சாகசக் கணினி விளையாட்டு ஆகும். இது மிஸ்ட் தொடரின் நான்காவது ஆட்டம். விண்டோஸ் இயங்குதளத்திற்கு மட்டுமே வெளியானது. இத்தொடரில் எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் இடையே பெரும் இடைவெளி ஏற்பட்ட ஆட்டமாக இது நினைவுகூரப்படுகிறது.

"உரு" என்பது கதையில் வரும் டுன்னி மொழியில் பெருங்கூட்டம் அல்லது சமூகம் எனப் பொருள்படும். வடிவத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லுடன் இதற்குத் தொடர்பில்லை.

பின்னணி

ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் உருவாக்கிய மிஸ்ட் (1993), 2002 வரை உலகில் மிக அதிகம் விற்ற தனிக்கணினி விளையாட்டாக இருந்தது. ரிவன் (1997) வெளியான பின் ராபின் நிறுவனத்தை விட்டு விலகினார். அதன்பின் சயன் நிறுவனம் பல ஆண்டுகள் இந்த ஆட்டத்தை உருவாக்கியது. இடைப்பட்ட காலத்தில் மூன்றாம் ஆட்டமான எக்சைலை (2001) பிரெஸ்டோ ஸ்டூடியோஸ் என்னும் வேறொரு நிறுவனம் உருவாக்கியது.

முந்தைய ஆட்டங்களை ஒருவர் தனியே ஆடினார். உருவோ, பலர் இணையம் வழியாக ஒரே உலகில் கூடி, தொடர்ந்து சேர்க்கப்படும் புதிய புதிர்களை விடுவிக்கும் ஆட்டமாகத் திட்டமிடப்பட்டது. அவ்விணையப் பகுதிக்கு உரு லைவ் என்று பெயர்.

கதை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கதை தொடங்குகிறது. அங்கு நிலத்தடியில் வாழ்ந்து அழிந்த டுன்னி மக்கள், நூல்களை எழுதி அவற்றின் வழியாகப் பிற உலகங்களுக்குச் செல்லும் கலையை அறிந்திருந்தனர். முந்தைய ஆட்டங்களில் வரும் ஆட்ரஸின் மகள் யீஷா, டுன்னி மக்களின் செருக்கையும் அவர்களுக்கு அடிமைப்பட்டிருந்த பாஹ்ரோ என்னும் உயிரினங்களின் துயரையும் ஆடுநருக்கு எடுத்துரைக்கிறாள்.

விளையாடும் முறை

ஆடுநர் தம் உருவத்தைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். ரெல்டோ என்னும் சிறு தீவு அவருக்கு இருப்பிடமாக அமைகிறது. டெலடான், காரீசன், கடீஷ் டொலேசா போன்ற உலகங்களில் ஒவ்வொரு பயணத்திற்கும் ஏழு துணிகளைக் கண்டறிந்து தொட வேண்டும்.

முந்தைய ஆட்டங்களில் பெரும்பாலும் முன்பே வரையப்பட்ட காட்சிகளைச் சொடுக்கி நகர வேண்டும். இதில் முப்பரிமாணக் காட்சிகள் ஆடும்போதே உருவாக்கப்படுவதால் ஆடுநர் நடக்கவும், ஓடவும், குதிக்கவும் இயலும். ஏடர் கீமோவின் மின்மினிகளைக் கலைக்காமல் அழைத்துச் சென்று ஏடர் கீராவின் இருண்ட குகையில் ஒளி பெறுவது இதன் நல்ல புதிர்களுள் ஒன்று. மாறாக, கற்களையும் கூடைகளையும் உடலால் தள்ளி நகர்த்தும் புதிர்கள் பலருக்கு எரிச்சலூட்டின. விடை தெரிந்த பின்னும் பொருளை உரிய இடத்தில் நிறுத்துவதே கடினமாக இருந்தது.

வரவேற்பும் வீழ்ச்சியும்

காட்சியமைப்பும் டிம் லார்க்கினின் இசையும் பாராட்டப்பட்டன. கட்டுப்பாட்டு முறை குறை கூறப்பட்டது. விற்பனை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை.

உரு லைவ் அழைக்கப்பட்டோருக்கு மட்டுமான முன்னோட்டமாக இயங்கியது. முழுமையாகத் தொடங்கும் முன்னரே 2004 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதனால் வாங்கியவர்களிடம் எஞ்சியது, பெரியதொரு திட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. டுன்னி நகரின் பெரும்பகுதி இணையப் பகுதிக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கென ஆயத்தமான இடங்களும் கதைகளும் டு டுன்னி, தி பாத் ஆஃப் தி ஷெல் என்னும் இரு விரிவாக்கங்களாக 2004 இல் வெளிவந்தன. மூன்றும் சேர்ந்த தொகுப்பு உரு: கம்ப்ளீட் குரோனிக்கிள்ஸ் ஆகும்.

பிற்காலம்

இணையப் பகுதி மூடப்பட்ட பின், சயனின் இசைவுடன் ஆர்வலர்களே வழங்கிகளை நடத்தினர். 2007 பிப்ரவரியில் கேம்டாப் சேவை வழியாக மிஸ்ட் ஆன்லைன்: உரு லைவ் என்ற பெயரில் ஆட்டம் மீண்டது. ஆயினும் 2008 ஏப்ரலில் மறுபடியும் மூடப்பட்டது. 2010 இல் சயன் நிறுவனமே இதனைக் கட்டணமின்றித் திறந்தது. வழங்கிச் செலவு ஆடுநர்களின் நன்கொடையால் ஈடுசெய்யப்படுகிறது. 2011 இல் மூலநிரல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால் ஆர்வலர்கள் பிழைகளைத் திருத்தவும், தாமே புதிய உலகங்களை உருவாக்கவும் வழி பிறந்தது.

வணிக நோக்கில் தோல்வியுற்ற இவ்வாட்டத்தின் இணையப் பகுதி, வழங்கி நின்றால் ஆட்டமும் மறையும் என்ற நிலையிலிருந்து ஆடுநர்களின் உழைப்பால் மீட்கப்பட்டது. இணையத்தை நம்பிய ஆட்டங்களைப் பாதுகாப்பதற்கு இது ஒரு குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

இவற்றையும் பார்க்க

மிஸ்ட்
ரிவன்
திறந்த மூல மென்பொருள்