பரிப்பொருளும் கோயிற்பொருளும்

பாண்டியன் பரி கொள்ளத் தந்த பொன்னைத் திருவாதவூரடிகள் திருப்பெருந்துறையிற் சிவப்பணிக்கு ஆக்கியருளினார் என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அமைச்சரே கடற்றுறைக்குச் செல்லுமளவிற் பரி அரும்பொருளாயது யாங்ஙனம் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கடல்வழியே பரிகள் வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை கூறும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ என்பார், அரசுடன்பிறந்தார் ஐவரும் தனித்தனியே ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட பரிகளை வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் 100 தானும் எஞ்சுதலில்லை என்றும் எழுதினார். உயர்ந்த பொலிகுதிரையை உயர்ந்த பெட்டையொடு சேர்ப்பினும் கால் கோணிய இழிந்த குட்டியே பிறக்கும் என்பதும் அவர் கூற்று. இக்குறையை அவர் நிலத்தியல்பின்மேல் ஏற்றினர். எனினும், பரிகட்குச் சோற்றொடு வெந்த ஊன் இடப்பட்டது என்றும், பரி பேணுதலில் வல்லார் இந்நாடு புகாவண்ணம் வணிகர் தடுத்தனர் என்றும் அவரே உரைத்தலின், நிலத்தினும் பேணாமையே பெரிதும் காரணமாதல் கூடும். இனம் பெருகாத நாடு ஆண்டுதோறும் விலை கொடுத்தே தீரவேண்டும்.

அவ்விலை சிறிதன்று. பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு, தமிழ்க்கடற்கரையும் கம்பாயத்தும் முதலிய துறைகட்கு ஓராண்டில் 10,000 பரிகள் வந்தன என்றும், தலைக்கு 220 பொற்றீனாராக அவற்றின் விலை 22,00,000 தீனார் ஆயிற்று என்றும் கணக்கிட்டனர். வழியில் இறந்த பரிக்கும் விலை கொடுக்க உடன்பட்டிருந்தனராம். அப்பெரும்பொருள் கோயில் நிலங்களின் வருவாயினின்றே கொடுக்கப்பட்டது என்பது அவர் எழுதிய செய்தி. அரசன் பரிப்பொருள் கோயிலுக்கு ஆயதைப் புராணம் போற்றுகின்றது. கோயிற்பொருள் பரிக்கு ஆயதை இவ்வேற்றுநாட்டார் குறிப்புக் காட்டுகின்றது.

பரியின்மேல் வைத்த வேட்கை பிற்காலத்தும் குன்றிற்றில்லை. விழுப்புரம், திண்டிவனம் பகுதியைச் சார்ந்த செஞ்சியில் மலையடிக் குதிரை இலாயங்கள் இன்றும் நிற்கின்றன. 1714இற் பொருதிறந்த தேசிங்கைப் பாடும் மக்கள், அவன் பரியாகிய பாராசாரியையும் உடன்பாடினர். அப்பக்கத்து ஐயனார் கோயில்களில் ஊரார் பரியை மண்ணால் வனைந்து நிறுத்தினர். அம்மண்பரிக்கு எவ்வறமும் குலையவில்லை.

சிவசொத்து, பேணத்தெரியாத பொருளின்மேற் செல்லுமாயின், அறமும் குன்றும், வாங்கிய பொருளும் நில்லாது. அடிகள் வரலாற்றை ஓதுவார் இதனையும் உடன் எண்ணுதல் நலம்.