ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு மொழி
(கடல் கடந்த தமிழ்: வாரத் தொடர்)

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து செலிகி சாலை வழியே நடந்தால் சற்று நேரத்தில் கேத்தே கட்டடம் வந்துவிடும். ஜப்பானியர் ஆட்சியில் அவர்களுடைய ஒலிபரப்புத் துறை இங்கேதான் இயங்கியது. 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்ததும் இங்குள்ள திரையரங்கில்தான். போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியபின் அரசு வானொலியான ரேடியோ மலாயா அதே கட்டடத்தில் குடியேறியது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு பிரிவுகள். சென்ற போரில் எதிரியின் வானொலி எவ்வளவு தூரம் பாயும் என்று கண்டிருந்த அரசுக்கு, மக்களிடம் அவரவர் மொழியில் பேசியாக வேண்டியிருந்தது.

வானொலியில் தமிழுக்குத் தனிப் பிரிவு இருந்தது. தொலைக்காட்சியில் கதை வேறு. 1963 பிப்ரவரி 15 மாலை, விக்டோரியா நினைவு மண்டபத்தில் சிங்கப்பூரின் முதல் ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தவர் கலாசார அமைச்சர் சி. ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர். சமூக, கலாசாரப் புரட்சியொன்றின் தொடக்கமாக இந்த இரவு அமையலாம் என்றார். அன்றைய ஒளிபரப்பு 1 மணி 40 நிமிடம் மட்டுமே. வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சமூக மன்றங்களில் கூடிப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது ஒளிவழி வந்தது. 5ஆம் ஒளிவழி மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும், 8ஆம் ஒளிவழி சீனத்துக்கும் தமிழுக்கும். சீன நிகழ்ச்சிகள் நிறைந்த வீட்டில் தமிழ் ஒண்டுக்குடித்தனம் புகுந்தது இப்படித்தான். 1990களின் நடுவில் அது 12ஆம் ஒளிவழிக்கு இடம் மாறி மலாயுடன் வாசலைப் பகிர்ந்துகொண்டது. 2000 ஜனவரியில் மலாய்க்கு ‘சூரியா’ என்ற தனி ஒளிவழி கிடைத்தது. தமிழுக்குக் கிடைத்தது, சிறுவர் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் ஒரே ஒளிவழியைப் பங்கிட்ட ‘வசந்தம் சென்ட்ரல்’. 2008 அக்டோபரில்தான் ‘வசந்தம்’ தனி ஒளிவழியானது. முதல் ஒளிபரப்புக்கும் அதற்கும் இடையே 45 ஆண்டுகள்.

சிறிய மொழிக்குக் காற்றில் இடம் தருவது யார் பொறுப்பு? சந்தையிடம் விட்டால், விளம்பரதாரர் தலைகளை எண்ணிவிட்டுப் போய்விடுவார். நார்வேயில் மக்கள் கட்டிய உரிமக் கட்டணத்தில் நடந்த பொது ஒலிபரப்பு நிறுவனம், வடகோடியில் வாழும் சாமி மக்களின் மொழியில் 1946 முதலே பேசியது. சிங்கப்பூரிலும் வழி அதுவே. வீட்டுக்கு வீடு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டினார்கள். 2011இல் நீக்கப்பட்டபோது அது 110 வெள்ளி (டாலர்). தமிழ் பேசாதவர் கட்டிய வெள்ளியிலும் தமிழ் நாடகம் ஓடியது. தமிழும் ஆட்சிமொழி என்று சட்டத்தில் எழுதிவைத்ததற்கு அன்றாட வாழ்வில் கிடைத்த பொருள் இது.

குறைந்த நேரமே கிடைத்தாலும் அதை நிரப்ப எழுத்தாளர்கள் வேண்டியிருந்தார்கள். பதிப்பகங்கள் அரிதாயிருந்த ஊரில், வாராவாரம் எழுதச் சொல்லிச் சன்மானமும் கொடுத்தது வானொலி. புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் அந்தப் பட்டறையில் உருவானவர். கம்பத்து (கிராமத்து) வீடுகள் கலைந்து மக்கள் அரசாங்க அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், அந்தப் புதுவாழ்க்கையின் கோணல்களை ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்ற தொடர்நாடகமாக்கிச் சிரிக்கவைத்தார். சென்னையிலிருந்து தருவித்த படங்களில் இந்த வாழ்க்கை இல்லை. அதை இங்கேதான் எழுத முடியும். 2008இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது, வசந்தம் தனி வீடு கண்ட அதே ஆண்டில்.

இன்று எந்தத் தமிழ் நிகழ்ச்சியையும் எந்த நேரத்திலும் கைப்பேசியில் பார்க்கலாம், நேரத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையிலும் சிட்னியிலும் தயாராகும் அந்தக் குவியலில் சிங்கப்பூரின் ஈசூன் அடுக்குமாடியின் கதையை யார் எழுதுவார், அதற்கு யார் பணம் தருவார் என்பதுதான் இப்போதைய கேள்வி. ‘வசந்தம்’, தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’ இரண்டின் தேவையையும் இனி அந்தக் கேள்வியை வைத்தே அளக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: கம்பி வழியே வீட்டுக்குள் வந்த ரீடிஃப்யூஷன்)